க்னோமை வளைப்பதா, வேறு டெஸ்க்டாப்புக்குப் போவதா?

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான க்னோமின் 3ஆம் பதிப்பு 2011 ஏப்ரலில் வந்தபோது டாஸ்க்பார் போனது. விண்டோவைச் சுருக்கும் பொத்தானும் போனது. அடுத்த ஆண்டு 3.6இல், அதன் ஃபைல் மேனேஜரான நாட்டிலஸில் எஃப்3 தட்டினால் இரண்டாகப் பிரியும் வசதியை எடுத்தார்கள். 2017இல் பின்னணியில் ஓடும் ஆப்களின் ஐகான்களைக் காட்டும் சிஸ்டம் ட்ரே போனது, 2018இல் டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் வசதி போனது. புதிதாக வருபவருக்கு இவை எதுவும் குறையாகத் தெரியாது. பல வருடங்களாக லினக்ஸில் வேலை செய்பவருக்கோ, கை பழகிய இடத்தில் பொருள் இல்லையே என்ற எரிச்சல் வரும்.

அப்படி எரிச்சல் வந்தவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. க்னோம் தரும் செட்டிங்ஸை மட்டும் ஆழமாகத் தோண்டிப் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன்களைப் போட்டு க்னோமையே மாற்றலாம். கேடிஇ குழுவின் பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்ற வேறொரு முழு டெஸ்க்டாப்புக்குப் போகலாம். அல்லது டெஸ்க்டாப்பே வேண்டாம் என்று ஸ்வே, ஐ3 மாதிரி, விண்டோக்களை அடுக்கி நடத்தும் ஒரு விண்டோ மேனேஜரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் "எதில் அதிகம் மாற்ற முடியும்" என்றுதான் பார்க்கிறார்கள். நான் வேறு ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: நீங்கள் இன்று செய்யும் மாற்றத்தை அடுத்த அப்கிரேடுக்குப் பிறகு யார் பராமரிக்கப் போகிறார்கள்? டெஸ்க்டாப்பை உருவாக்குபவர்களா, நேரம் கிடைக்கும்போது எக்ஸ்டென்ஷன் எழுதும் ஒருவரா, நீங்களா? இதற்கான பதில் ஒவ்வொரு வழியிலும் வேறு. தேர்வையும் அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

செட்டிங்ஸோடு நிற்பது

க்னோமை விட்டு வெளியேறும் முன் இதை முழுமையாகச் செய்து பார்த்தவர்கள் குறைவு. செட்டிங்ஸ் ஆப்பில் தெரிவது கொஞ்சம்தான். அதற்கு அடியில் டிகான்ஃப் என்ற தரவுக்கிடங்கு இருக்கிறது. டெர்மினலில் ஜிசெட்டிங்ஸ் கட்டளை வழியாகவோ, டிகான்ஃப் எடிட்டர் வழியாகவோ அதைத் தொடலாம். இடையில் ட்வீக்ஸ் என்ற ஆப்பும் உண்டு. விண்டோவைச் சுருக்கும் பொத்தானை மீட்பது அங்கே ஒரு சொடுக்கில் முடிந்துவிடும்.

உண்மையான பலன் கீபோர்டில்தான் இருக்கிறது. ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) 1 தட்டினால் முதல் ஒர்க்ஸ்பேஸ் (விண்டோக்களைப் பிரித்து வைக்கும் தனித் திரை), 2 தட்டினால் இரண்டாவது என்று நேராகத் தாவ வேண்டும். பழகியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். க்னோமில் ஒர்க்ஸ்பேஸ்கள் தேவைக்கேற்பத் தோன்றி மறைபவை, எனவே முதலில் மல்டிடாஸ்கிங் பக்கத்தில் அவற்றின் எண்ணிக்கையை நிலையாக்க வேண்டும். பிறகு சூப்பர் 1ஐ "முதல் ஒர்க்ஸ்பேஸுக்குப் போ" என்பதற்குக் கொடுக்க வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. டாக் என்ற ஐகான் பட்டையில் பின் செய்த முதல் ஆப்பைத் திறக்க, பட்டை, மெனு எல்லாவற்றையும் காட்டும் க்னோம் ஷெல் ஏற்கெனவே சூப்பர் 1ஐப் பிடித்து வைத்திருக்கிறது. ஷெல்லின் கீபைண்டிங் பகுதியில் ஸ்விட்ச்-டு-அப்ளிகேஷன்-1 முதல் 9 வரை எல்லாவற்றையும் காலியாக்கினால்தான் விசை விடுபடும். உபுண்டுவில் இன்னொரு படி உண்டு: அங்குள்ள டாக்கும் தனியாக எண் விசைகளைப் பிடிக்கும், அதன் ஹாட்-கீஸ் அமைப்பையும் அணைக்க வேண்டும். மூன்று இடங்களையும் தெரிந்துகொண்டால் ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் "க்னோமில் இது முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

ஆல்ட் டேபும் அப்படித்தான். இயல்பில் அது ஆப்களைத்தான் மாற்றும், விண்டோக்களை அல்ல. ஒரே டெர்மினலின் ஐந்து விண்டோக்களோடு வேலை செய்பவருக்கு இது பெரிய தடை. விண்டோ மாற்றும் செயல் க்னோமுக்குள் தயாராகவே இருக்கிறது, அதற்கு விசை ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஆல்ட் டேபை அதற்குக் கொடுத்துவிடலாம். கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றுவது, மவுஸ் போகும் விண்டோவுக்குக் கவனம் தருவது, எல்லாம் இந்தக் கிடங்கிலேயே உண்டு.

இந்த வழியின் பெரிய சிறப்பு, இதைப் பராமரிப்பவர்கள் க்னோம்காரர்களே. ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இந்த அமைப்புகள் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். டிகான்ஃப் டம்ப் கட்டளை எல்லாவற்றையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகக் கொட்டித் தரும். புதிய கணினியில் அதை லோட் செய்தால் பழைய கை வந்துவிடும். அந்த ஃபைலை, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியில் வைத்துக்கொண்டால் எந்த மாற்றம் எப்போது நடந்தது என்றும் தெரியும்.

எல்லை எங்கே? திரையை நான்காகப் பிரித்து விண்டோக்களை அடுக்க முடியாது, க்னோமுக்குத் தெரிந்தது இடப்பாதி, வலப்பாதி மட்டும். "இந்த ஆப் எப்போதும் மூன்றாவது ஒர்க்ஸ்பேஸில் இந்த அளவில் திறக்கட்டும்" என்று விதி எழுத முடியாது. ட்ரே ஐகான் கிடையாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் செட்டிங்ஸ் மட்டும் போதாது.

ஆனால் நாட்டிலஸில் இரட்டைப் பலகம் இல்லை என்பதற்காக டெஸ்க்டாப்பையே மாற்றுவது வீண் வேலை. கேடிஇயின் டால்ஃபினை க்னோமுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம், அதில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது. ஒரு ஆப் பிடிக்கவில்லை என்றால் ஆப்பைத்தான் மாற்ற வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்: கிடைப்பதும் கொடுப்பதும்

க்னோம் எக்ஸ்டென்ஷன் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர்தான் ஒன்று. பிரவுசரில் எக்ஸ்டென்ஷனுக்கென்று வரையறுத்த வாசல் உண்டு, அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. க்னோமில் எக்ஸ்டென்ஷன் என்பது ஷெல்லின் அதே பிராசஸுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். ஷெல்லின் உள் செயல்பாடுகளை நேரடியாகப் பிடித்துத் தன் விருப்பப்படி மாற்றி எழுதும். அதனால்தான் டாஷ் டு பேனல் முழு டாஸ்க்பாரைக் கொண்டுவர முடிகிறது, பேப்பர்டபிள்யூஎம் விண்டோக்களை நீண்ட சுருள் போல அடுக்க முடிகிறது. வாடகை வீட்டில் சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்குவது போன்ற வேலை இது. வசதியாக இருக்கும், ஆனால் வீட்டுக்காரர் அடுத்த முறை குழாயை மாற்றும்போது உங்கள் சமையலறையை நினைத்துப் பார்க்க மாட்டார்.

க்னோம் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய வெளியீடு தருகிறது. எந்தெந்த வெளியீட்டில் ஓடும் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தன் மெட்டாடேட்டாவில் எழுதி வைத்திருக்க வேண்டும். புதிய எண் அதில் இல்லையென்றால் ஷெல் அதை ஏற்றாது. இந்தச் சோதனையை அணைக்க ஒரு அமைப்பு உண்டு, பல சமயம் எக்ஸ்டென்ஷன் சிக்கலில்லாமல் ஓடவும் செய்யும். ஆனால் உள்ளே உண்மையாகவே ஏதாவது மாறியிருந்தால் அந்த அமைப்பால் பயனில்லை. 2021இல் க்னோம் 40 ஒர்க்ஸ்பேஸ்களை மேல்கீழிலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பியபோது அவற்றைத் தொட்ட எக்ஸ்டென்ஷன்கள் தடுமாறின. 2023 செப்டம்பரில் க்னோம் 45 இன்னும் கடுமை: ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்றும் முறையே மாறியதால், அதற்கு முன் எழுதிய எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட அப்படியே ஓடவில்லை. ஒவ்வொன்றையும் அதன் ஆசிரியர் திருத்தியாக வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 காலத்தில் ஷெல் குழம்பினால் ஆல்ட் எஃப்2 தட்டி ஆர் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யலாம், திறந்திருந்த விண்டோக்கள் அப்படியே இருக்கும். அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் அது முடியாது. அங்கே ஷெல்தான் திரையையே நடத்துகிறது, எனவே ஒரு எக்ஸ்டென்ஷன் அதைக் கவிழ்த்தால் சேமிக்காத வேலையும் சேர்ந்து போகும். லாகின் செய்த உடனே கவிழ்ந்துகொண்டே இருந்தால் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 தட்டி டெக்ஸ்ட் முனையத்தில் உள்நுழையுங்கள். ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் க்னோம்-ஷெல், அதற்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி லாகின் செய்தால், நீங்களாக நிறுவியது எதுவும் இல்லாத க்னோம் வரும். எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துபவர் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எக்ஸ்டென்ஷனே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். ஆப்இண்டிகேட்டர் ட்ரே ஐகானைத் திரும்பக் கொண்டுவருகிறது. கேஃபின் திரை அணையாமல் பார்த்துக்கொள்கிறது. வைட்டல்ஸ் வெப்பநிலை, மெமரி போன்றவற்றைக் காட்டுகிறது. இவை மேல்பட்டையில் ஒரு பொருளைச் சேர்ப்பவை, ஷெல்லின் நடத்தையை அதிகம் தொடாதவை. ஒருநாள் ஓடாமல் போனாலும் உங்கள் வேலை நிற்காது. இந்த வகையைத் தயங்காமல் போடலாம். விண்டோக்களை ஒன்றின் மேல் ஒன்று வராமல் அடுக்கும் டைலிங் வசதியைத் தரும் ஃபோர்ஜ், பாப் ஷெல், பேப்பர்டபிள்யூஎம் போன்றவை அடுத்த வகை. விண்டோக்களை நடத்தும் முறையையே இவை கையில் எடுத்துக்கொள்ளும். உங்கள் விரல்கள் ஒரு டைலிங் முறைக்கு முழுதாகப் பழகிவிட்டால், அப்கிரேடு நாளன்று அந்த எக்ஸ்டென்ஷனின் ஆசிரியருக்கு நேரம் இருக்குமா என்பதை நம்பித்தான் உங்கள் வேலை நடக்கும்.

இந்த ஆபத்தின் அளவு உங்கள் டிஸ்ட்ரோவை, அதாவது ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பைப் பொறுத்தது. ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்னோம் மாறும். ஆர்ச்சில் வெளியாகிச் சில வாரங்களிலேயே வந்துவிடும், எக்ஸ்டென்ஷன்கள் தயாராவதற்கு முன்பே வருவதும் உண்டு. நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ்ஸில் இரண்டு ஆண்டு ஒரே க்னோம்தான்: 24.04இல் இருப்பது 46, கடைசி வரை அதுவே. டெபியனிலும் அப்படித்தான். நிலையான டிஸ்ட்ரோவில் இருப்பவர் டைலிங் எக்ஸ்டென்ஷனை ஓரளவு நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஆர்ச்சில் இருப்பவருக்கு அந்த யோசனையை நான் தரமாட்டேன்.

தீம் பற்றி ஒரு பத்தி போதும். 2022இல் க்னோம் 42 முதல் லிப்அட்வைதா என்ற க்னோம் நூலகத்தில் எழுதிய ஆப்கள், தோற்றத்தை மாற்றும் ஜிடிகே தீமை மதிப்பதில்லை. ஜிடிகே-4.0 ஃபோல்டரில் சிஎஸ்எஸ் ஃபைல் வைத்து நிறம் மாற்றலாம். ஆனால் எந்த ஆப் எப்போது அலங்கோலமாகும் என்று சொல்ல முடியாது. 2024இல் க்னோம் 47 முதல் ஆக்சென்ட் நிறத்தை செட்டிங்ஸிலேயே தேர்ந்தெடுக்கலாம். அது போதாது என்பவருக்கு க்னோம் ஏற்ற இடமில்லை.

பிளாஸ்மாவுக்குப் போவது

எக்ஸ்டென்ஷனால் நிரப்ப முயன்ற பெரும்பாலான குறைகளுக்குப் பிளாஸ்மாவில் சொந்த பதில் இருக்கிறது. டாஸ்க்பார், ட்ரே, டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் இயல்பிலேயே உண்டு. க்னோமில் இல்லாத விண்டோ விதிகள் இங்கே மிக விரிவானவை. எந்த ஆப், விண்டோவின் தலைப்பு என்ன என்று அடையாளம் சொல்லி அதன் இடம், அளவு, டெஸ்க்டாப், எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டுமா என்பது வரை தீர்மானிக்கலாம். 2023இல் 5.27 வந்ததிலிருந்து மெட்டா (அதே சூப்பர் விசைதான்) T தட்டினால் திரையை நாமே கட்டங்களாகப் பிரிக்கும் எடிட்டரும் உண்டு. ஷிஃப்ட்டை அழுத்தியபடி விண்டோவை இழுத்தால் கட்டத்துக்குள் போய் உட்காரும். முழு தானியங்கி டைலிங் இது இல்லை, ஆனால் அகலத் திரை வைத்திருப்பவருக்கு நிறைவாக இருக்கும்.

முக்கியமான வேறுபாடு, இவையெல்லாம் கேடிஇயின் சொந்த வேலை. வெளியீடு மாறும்போது அவர்களே சோதித்துத் தருகிறார்கள். என் அளவுகோலில் பிளாஸ்மா முன்னால் நிற்பது இதனால்தான்.

பலவீனம் இரண்டு. முதலாவது, அமைப்புகள் டாட் கான்ஃபிக் ஃபோல்டரில் பல ஃபைல்களாகச் சிதறிக் கிடக்கின்றன. கேவின்ஆர்சி ஒன்று, ஷார்ட்கட்டுக்கு ஒன்று, பேனலுக்கு நீண்ட பெயரோடு இன்னொன்று. நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பும், டெஸ்க்டாப் தானாக எழுதி வைத்த நிலையும் ஒரே ஃபைலில் கலந்திருக்கும். கிட்டில் போட்டால் ஒவ்வொரு நாளும் மாற்றம் காட்டும். டிகான்ஃப் டம்ப் தரும் ஒழுங்கு இங்கே இல்லை. இரண்டாவது, வெளியிலிருந்து எடுக்கும் தீம்களும் விட்ஜெட்டுகளும். 2024 மார்ச்சில் கேடிஇ ஸ்டோரிலிருந்து நிறுவிய ஒரு குளோபல் தீம் ஒரு பயனரின் ஃபைல்களை அழித்துவிட்டது. குளோபல் தீம் என்பது நிறமும் படமும் மட்டுமல்ல, கோடை இயக்கவும் அதனால் முடியும். கேடிஇ தரப்பே அதன்பின் எச்சரிக்கை விடுத்தது. பிளாஸ்மாவோடு வரும் பொருள்களை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஸ்டோரிலிருந்து எடுப்பதில் மட்டும் நிதானம் வேண்டும்.

எக்ஸ்எஃப்சிஇ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். இந்த நிதானம்தான் அதன் அழகு. இன்று வைத்த பேனல் ஐந்து ஆண்டு கழித்தும் அதே இடத்தில் இருக்கும். ஆனால் அது இன்னும் எக்ஸ்11 உலகத்தில்தான் வாழ்கிறது, 4.20இல் வேலண்ட் ஆதரவு சோதனை நிலையில் உள்ளது. லேப்டாப்பில் அடர்த்தியான திரை, மேசையில் சாதாரண மானிட்டர் என்று இரண்டையும் சேர்த்து வைப்பவருக்கு அளவுகள் ஒத்துவராது. ஒரே திரை, பழைய கணினி என்றால் தாராளமாகப் போகலாம். க்னோம் 2தான் வேண்டும் என்பவருக்கு அதிலிருந்து பிரிந்த மேட் இருக்கிறது.

ஸ்வே: எல்லாம் உங்கள் பொறுப்பு

டைலிங்தான் உங்கள் முதல் தேவை, டிஸ்ட்ரோவும் வேகமாக மாறுவது என்றால், எக்ஸ்டென்ஷனில் அதைத் தேடுவதைவிட ஸ்வேக்கு நேராகப் போவதே நல்லது என்பது என் கருத்து. 2019இல் 1.0 வந்த ஸ்வே, ஐ3இன் கான்ஃபிக் ஃபைலைப் பெரும்பாலும் அப்படியே படிக்கும். எல்லா விசைகளும் எல்லா விதிகளும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில். நீங்கள் தொடாத வரை அந்த ஃபைல் மாறாது. இரண்டு மானிட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒர்க்ஸ்பேஸ் தனித்தனியாக மாறும். ஸ்வேஎம்எஸ்ஜி கட்டளை திறந்திருக்கும் விண்டோக்களின் முழுப் பட்டியலை ஜேசானாகத் தரும், அதை வைத்து ஸ்கிரிப்ட் எழுதலாம்.

ஸ்கிரிப்ட் விஷயம் முன்பைவிட இப்போது முக்கியம். 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49இல் எக்ஸ்11 செஷன் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. விண்டோக்களை ஸ்கிரிப்டிலிருந்து இயக்கும் எக்ஸ்டூடூல், டபிள்யூஎம்கன்ட்ரோல் இரண்டையும் நம்பிப் பல ஆண்டுகளாக எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் வேலண்ட் விண்டோக்களைத் தொடாது. பிளாஸ்மாவில் அதன் விண்டோ மேனேஜரான கேவினின் ஸ்கிரிப்ட் அதற்கு மாற்று, ஸ்வேயில் ஸ்வேஎம்எஸ்ஜி மாற்று. க்னோமில் வெளியிலிருந்து விண்டோவை நகர்த்த மறுபடியும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான் வேண்டும். ஸ்கிரிப்ட் வைத்து வேலை செய்பவருக்கு இந்த ஒரு காரணமே க்னோமை விடப் போதும்.

ஆனால் ஸ்வே என்பது வெறும் விண்டோ மேனேஜர். பட்டைக்கு வேபார், அறிவிப்புக்கு மாக்கோ, திரைப்பூட்டுக்கு ஸ்வேலாக், மானிட்டரைச் செருகிப் பிடுங்குவதைக் கவனிக்க கன்ஷி என்று ஒவ்வொன்றையும் நீங்களே சேர்க்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டிக்குக்கூட ஒரு போல்கிட் ஏஜென்டை நீங்களே தொடங்கிவைக்க வேண்டும், மறந்தால் ஆப் காரணம் சொல்லாமல் தோற்கும். வீடியோ மீட்டிங்கில் திரையைப் பகிர டபிள்யூஎல்ஆர் போர்ட்டல் என்ற துணை நிரல் சரியாக ஓட வேண்டும். இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: க்னோமில் பல மொழித் தட்டச்சுக்கான ஐபஸ் உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது, சேர்த்தவுடன் ஓடும். ஸ்வேயில் அதே வேலைக்கு எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐ நீங்களே அமைத்து, உங்கள் பிரவுசரிலும் எடிட்டரிலும் டெர்மினலிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இந்த வேலைகளில் மகிழ்ச்சி காண்பவருக்கு ஸ்வே மாதிரி ஒன்று கிடையாது. மாதத்தில் பாதி நாள் மீட்டிங்கில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்படித் தீர்மானிப்பது

ஒரு தாளில் எழுதுங்கள்: க்னோமில் ஒரு வாரம் வேலை செய்யும்போது எந்தெந்த இடத்தில் கை நின்றது? ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது விசையா, ஆப்பா, காட்சியா, விண்டோக்களின் நடத்தையா என்று குறியுங்கள். விசையும் ஆப்பும் அதிகம் என்றால் க்னோமிலேயே இருங்கள், செட்டிங்ஸ் போதும். அதோடு ஒரு ட்ரேயும் ஓரிரு சிறு வசதிகளும் வேண்டுமென்றால் சேர்ப்பு வகை எக்ஸ்டென்ஷன்கள். டாஸ்க்பார், விண்டோ விதி, கட்டம் என்று நடத்தைப் பட்டியல் நீண்டால் பிளாஸ்மா. எக்ஸ்டென்ஷன்களைக் குவித்துக் குவித்து க்னோமைப் பிளாஸ்மாவாக்க முயல்வதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவுள்ள வழி, அதைத் தவிர்க்கச் சொல்வேன். பட்டியலில் டைலிங் ஒன்று மட்டும் பெரிதாக நின்றால், நிலையான டிஸ்ட்ரோவில் எக்ஸ்டென்ஷன், வேகமாக மாறும் டிஸ்ட்ரோவில் ஸ்வே.

மாறிப் பார்ப்பவர்கள் அதே பயனர் கணக்கில் புதிய டெஸ்க்டாப்பைத் திறக்காதீர்கள். ஐகான், கர்சர், ஃபாண்ட், எந்த ஃபைலை எந்த ஆப் திறக்கும் என்ற பட்டியல் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். திரும்ப க்னோமுக்கு வந்தால் அங்கேயும் அலங்கோலம் தெரியும். கணினியில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதில் மட்டும் பிளாஸ்மாவையோ ஸ்வேயையோ ஓட்டுங்கள். உண்மையான வேலையைச் செய்து பாருங்கள்: மானிட்டரைச் செருகுங்கள், திரையைப் பகிருங்கள், லேப்டாப்பை மூடித் திறங்கள், இரண்டு மொழியிலும் எழுதிப் பாருங்கள். பழைய கணக்கில் டிகான்ஃப் டம்ப் எடுத்த ஃபைலை வேறொரு டிஸ்க்கில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.